விமானத்தில் 20 மெகாபிட் காட்டியும் இணையம் ஏன் இழுக்கிறது?

பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் கேட்டது இது: "சென்னையிலிருந்து கோலாலம்பூர் திரும்பும் விமானத்தில் வைஃபை வாங்கினேன். வேகச் சோதனையில் 20 மெகாபிட் வந்தது. ஆனால் வாட்ஸ்அப் செய்தி மட்டும்தான் ஒழுங்காகப் போனது. அலுவலக விபிஎன்னில் நுழைந்து வேலை பார்க்கவே முடியவில்லை. வங்கிச் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. 20 மெகாபிட் போதாதா? இன்னொன்று, அண்ணன் சபாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நிர்வாகியாக இருக்கிறார். அவர் வீட்டுக்குத் துணைக்கோள இணையம் போடலாம் என்று பார்க்கிறோம். அங்கேயும் இதே கதைதானா?"

20 மெகாபிட் தாராளமாகப் போதும். உங்கள் இணைப்பில் அகலத்துக்குக் குறைவில்லை, தூரம்தான் படுத்தியது. வேகச் சோதனை காட்டும் பெரிய எண், ஒரு வினாடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதைச் சொல்கிறது. நீங்கள் ஒன்றைக் கேட்டு அதற்கான பதில் வரத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு கணக்கு. அது அதே திரையில் ‘பிங்’ என்ற பெயரில் சின்ன எழுத்தில், மில்லிவினாடியில் இருக்கும். கோலாலம்பூரில் நல்ல ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் பக்கத்துச் சர்வருக்கு அது பத்துக்குள் நிற்கும். ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் மேலே ஒரே இடத்தில் நிற்கும் துணைக்கோளத்தை (இனி இதை உயரத் துணைக்கோளம் என்கிறேன்) நம்பி ஓடும் விமான வைஃபையில் 600, 700 என்று வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெரியைப் பெரிதாக்கினால் ஒரே நடையில் அதிகம் பேர் போகலாம், அக்கரை சேரும் நேரம் குறையாது. ஒரு பொருளை வாங்கி வந்த பிறகுதான் அடுத்தது என்ன என்று தெரியும், அதற்கு மறுபடி போக வேண்டும் என்றால், எத்தனை நடை என்பதுதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். இணையத்தில் நாம் செய்யும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு சபா, சரவாக் உட்புறங்களுக்குத் துணைக்கோள இணைப்பு அமைத்துக் கொடுப்பது என் வேலை. வாடிக்கையாளர் முதலில் கேட்பது எப்போதும் மெகாபிட்டைத்தான். நான் திருப்பிக் கேட்பது, "எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்?" என்று. அந்தப் பதிலை வைத்துத்தான் எந்த உயரத்தில் உள்ள துணைக்கோளம் சரிப்படும் என்று சொல்ல முடியும்.

முதலில் தூரம். நம் ஊர் வீடுகளில் உள்ள ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டுகளைப் பாருங்கள், வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருக்கும். ஐரோப்பாவில் இதே மாதிரித் தட்டுகள் அடிவானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும். காரணம், ஆஸ்ட்ரோ படத்தை அனுப்பும் மியாசாட் துணைக்கோளங்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கின்றன. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 77 பாகை, கிட்டத்தட்ட உச்சந்தலை. துணைக்கோளத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் உலகில் அதிகம் இல்லை. அப்படி இருந்தும் இடையே உள்ள தூரம் 35,900 கிலோமீட்டர்.

ஏன் அவ்வளவு உயரம்? பூமி ஒரு சுற்றுச் சுற்றும் அதே நேரத்தில் துணைக்கோளமும் ஒரு சுற்றுச் சுற்றினால்தான் அது நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கும், தட்டை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டு மறந்துவிடலாம். அந்த வேகம் அமையும் உயரம் 35,786 கிலோமீட்டர் ஒன்றுதான். ஒளியும் வானொலி அலையும் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக மேலே போக 120 மில்லிவினாடி, கீழே வர 120. உங்கள் கேள்வி மேலே போய், இணையத்தோடு இணைக்கும் தரை நிலையத்துக்கு இறங்க வேண்டும், பதில் அங்கிருந்து மறுபடி மேலே போய் உங்களிடம் இறங்க வேண்டும். ஆக நான்கு முறை அந்தத் தூரம், 480 மில்லிவினாடி. எவ்வளவு காசு கொட்டினாலும் இதில் ஒன்றும் குறையாது.

480 எப்படி 650 ஆகிறது? தரை நிலையத்திலிருந்து சர்வர் வரைக்குமான தூரம் கொஞ்சம், கருவிகளுக்குள் ஆகும் நேரம் கொஞ்சம். பெரிய பங்கு வேறு ஒன்றுக்குப் போகிறது. ஒரே துணைக்கோள அலைவரிசையைப் பல விமானங்களும் பல வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே அனுப்பினால் மோதிக்கொள்ளும். அதனால் உங்கள் பக்கத்துக் கருவி, அனுப்ப ஒன்று இருக்கிறது, இடம் ஒதுக்குங்கள் என்று முதலில் தரை நிலையத்தைக் கேட்க வேண்டும். அந்த அனுமதியும் அதே 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கித்தான் வரும். வரிசையாக அனுப்பிக்கொண்டே இருந்தால் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதிகம் உறைக்காது. விட்டு விட்டு அனுப்பினால் ஒவ்வொரு முறையும் இந்தக் கூடுதல் நடை சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி தொடும்போது முதல் சொடுக்கு மட்டும் தனியாக இழுக்கும். அதற்கு இதுதான் காரணம்.

இந்தத் தாமதத்தை ஏமாற்ற முடியாது என்பதற்கு மலேசியர்கள் யாரும் மறக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட எம்எச்370 மற்ற எல்லாத் தொடர்பும் அறுந்த பிறகும், அதிலிருந்த துணைக்கோளக் கருவி இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நின்ற இன்மர்சாட் துணைக்கோளம் வழியாகப் பெர்த் தரை நிலையத்துக்கு அவ்வப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதில்களில் விமானம் எங்கே இருக்கிறது என்ற தகவல் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பதிலும் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது மைக்ரோவினாடிக் கணக்கில் பதிவாகியிருந்தது. ஒரு மைக்ரோவினாடியில் ஒளி போவது 300 மீட்டர். அந்த நேரங்களை வைத்துத் துணைக்கோளத்திலிருந்து விமானம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்கிட்டுப் பூமியின் மேல் ஏழு வளைவுகளை வரைந்தார்கள். அலைவரிசையில் ஏற்பட்ட சிறு மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்து, விமானம் தெற்கே போனது என்ற முடிவுக்கு வந்தார்கள். மலேசிய நேரம் காலை 8:19க்கு வந்த கடைசிச் சமிக்ஞையின் ஏழாவது வளைவை ஒட்டித்தான் தேடுதல் நடந்தது. விமானம் எங்கே என்று சொல்ல ஆளில்லாத நேரத்தில் அந்தத் தாமதம் ஒன்றே தூரத்தைச் சொன்னது. இந்தத் துறையில் இருக்கிற எவருக்கும் அந்தக் கணக்கைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும்.

சரி, உங்கள் விமானத்துக்கு வருவோம். 0.6 வினாடி என்பது கேட்க ஒன்றும் பெரிதில்லை. ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது அது எத்தனை முறை கூட்டப்படுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். முதலில் அந்தப் பெயருக்கு உரிய முகவரி என்ன என்று கேட்க ஒரு நடை. சர்வரோடு டிசிபி (தரவு ஒழுங்காகப் போய்ச் சேருவதைக் கவனிக்கும் விதிமுறை) இணைப்பு ஏற்படுத்த ஒரு நடை. பூட்டுச் சின்னம் வருவதற்கான குறியாக்கப் பேச்சுவார்த்தைக்கு இன்னொரு நடை. அந்தக் குறியாக்க முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர், அதன் 2018க்கு முந்தைய பதிப்பு என்றால் அதற்கே இரண்டு நடை. அதன் பிறகுதான் ‘பக்கத்தைக் கொடு’ என்று கேட்க முடியும், அது நான்காவது நடை. 2.4 வினாடி போய்விட்டது, திரையில் இன்னும் ஒன்றும் இல்லை.

அந்த நான்காவது நடையிலும் பக்கம் முழுசாக வராது. டிசிபி எச்சரிக்கையான ஆள். பாதை எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் எடுத்த எடுப்பில் கொட்டாது. தரவைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்துத்தான் அனுப்பும். முதலில் பத்துப் பொட்டலம், ஏறக்குறைய 15 கிலோபைட். அது பத்திரமாகச் சேர்ந்தது என்று பதில் வந்தால் அடுத்த முறை இரட்டிப்பு, அதற்கடுத்து இன்னொரு இரட்டிப்பு. ஒரு மெகாபைட் அளவுள்ள படம் ஒன்று வந்து முடிய இன்னும் ஆறு நடை ஆகும். மொத்தம் பத்து நடை, ஆறு வினாடி. போய்வரும் நேரம் 30 மில்லிவினாடி உள்ள வீட்டு இணைப்பில் அதே 20 மெகாபிட்டில் அதே படம் முக்கால் வினாடிக்குள் வந்துவிடும். விமானத்தில் உங்கள் 20ஐ யாராவது 100 ஆக்கித் தந்தாலும் அந்த ஆறு வினாடி ஆறு வினாடியாகவே இருக்கும். ஏனென்றால் அந்த நேரம் முழுக்க இணைப்பு பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது, பதிலுக்காகக் காத்துக்கொண்டு.

அப்படியானால் வேகச் சோதனை எப்படி 20 காட்டியது? அது ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, பல வினாடிகள் விடாமல் தரவை இழுக்கும். இரட்டிப்பு ஆகி ஆகி ஒவ்வொரு இணைப்பும் முழு வேகத்துக்கு வந்துவிடும். அதன் கணக்கு உண்மைதான். நீங்கள் வேலை பார்க்கும்போது இணைப்பை அப்படிப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குறையை ஈடுகட்ட விமானத்திலும் தரை நிலையத்திலும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் அதை டிசிபி ஆக்சிலரேட்டர் என்பார்கள். உங்கள் கணினி அனுப்பும் பொட்டலத்துக்கு, சர்வர் பதில் சொல்வதற்கு முன்பே, விமானத்தில் உள்ள பெட்டி ‘கிடைத்தது, அடுத்ததை அனுப்பு’ என்று பதில் கொடுத்துவிடும். வானத்துக்கும் பூமிக்கும் இடையே உள்ள நீண்ட பகுதியில் அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் வேறு முறையில் வேகமாகப் பேசிக்கொள்ளும். இரட்டிப்புக்குக் காத்திருக்கும் நடைகள் பெரும்பாலும் மிச்சமாகும். துணைக்கோள இணையம் ஓரளவு பயன்படுத்தும் நிலையில் இருப்பதே இந்தப் பெட்டிகளின் புண்ணியத்தால்தான்.

உங்கள் விபிஎன் இங்கேதான் கெடுத்தது. அலுவலக வலையமைப்புக்குள் நுழைய உதவும் பூட்டிய பாதையான விபிஎன், உங்கள் பொட்டலங்களை முழுக்கச் சுருட்டி மூடிவிடுகிறது. உள்ளே இருப்பது டிசிபியா வேறொன்றா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது, தெரியாததற்குப் பதில் கொடுக்கவும் முடியாது. ஆக மொத்த உதவியும் போய், 650 மில்லிவினாடி முழுசாக உங்கள் தலையில். அதோடு பாதையும் நீண்டுவிடும். உங்கள் தரவு விமானத்திலிருந்து துணைக்கோளத்துக்கு, அங்கிருந்து ஏதோ ஒரு நாட்டில் உள்ள தரை நிலையத்துக்கு, அங்கிருந்து கடலடிக் கேபிளில் பினாங்கு அலுவலகத்துக்கு, பிறகு அலுவலகத்திலிருந்து நீங்கள் திறந்த தளத்துக்கு. தரை நிலையம் ஐரோப்பாவில் இருந்தால் அந்தக் கேபிள் பயணத்துக்கே நூற்றைம்பது மில்லிவினாடிக்கு மேல் கூடும். உங்கள் நிறுவனம் அனுமதித்தால், அலுவலகச் சர்வர்களுக்கான தரவு மட்டும் விபிஎன்னில் போய் மற்றவை நேரடியாகப் போகும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். அது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும்.

தொலைத்திரை மென்பொருள் வழியாக அலுவலகக் கணினியை ஓட்டுவதை உயரத் துணைக்கோளத்தில் முயலவே வேண்டாம். ஒரு எழுத்தைத் தட்டி அது திரையில் வர முக்கால் வினாடி. பிழையாகத் தட்டினோம் என்று தெரிவதற்குள் இன்னும் நான்கு எழுத்துப் போயிருக்கும். கோப்பை உங்கள் கணினியிலேயே வைத்து வேலை பார்த்து, முடிந்ததும் மொத்தமாக ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்றும் வேலைக்கு நடைகள் குறைவு. கட்டளைத் திரையில் சர்வர் வேலை பார்ப்பவர் என்றால் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ் என்ற மென்பொருளைப் பயன்படுத்திப் பாருங்கள். நீங்கள் தட்டியதை அது உடனே உங்கள் திரையில் காட்டிவிட்டுச் சர்வரின் பதிலைப் பின்னால் சரிபார்க்கும். சபாவில் ஒரு கருவியை இங்கிருந்து பார்த்துச் சரிசெய்யும்போது எனக்கு அது இல்லாமல் முடியாது.

வாட்ஸ்அப் செய்தி ஏன் போனது? அது ஒரு இணைப்பைத் திறந்துவைத்துக்கொண்டே இருக்கும். புதிதாகப் பேச்சுவார்த்தை எதுவும் வேண்டாம், ஒரு சின்னப் பொட்டலம் போனால் முடிந்தது. குரல் பதிவும் அப்படித்தான், பதிவு செய்து அனுப்பிவிட்டால் அது தன் நேரத்தில் போய்ச் சேரும். வங்கிச் செயலி இதற்கு நேர் எதிர். உள்ளே நுழைவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கேள்விகள்: இந்தக் கைப்பேசிதானா, இந்த ஆள்தானா, எந்த நாட்டு முகவரியிலிருந்து வருகிறார், கணக்கு விவரம் என்ன. முந்தைய பதில் வராமல் அடுத்த கேள்வி போகாது. ஒவ்வொன்றும் 0.7 வினாடி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக வைத்த நேரக் கெடு வேறு நடுவில் முடிந்துவிடும். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நம்பிய பரிவர்த்தனை என்றால் விமான வைஃபையில் அந்தக் குறுஞ்செய்தி பெரும்பாலும் வரவே வராது. பணம் அனுப்புவதை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பேச்சு விஷயத்தில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். துணைக்கோளம் வழியாகத் தமிழ்நாட்டு உறவினர்களோடு தொலைபேசியில் பேசிய காலத்தில், இந்தப் பக்கம் பேசி முடித்து, பதில் வரவில்லையே என்று மறுபடி "ஹலோ" சொன்னால், அதே நேரத்தில் அந்தப் பக்கத்துப் பதிலும் வந்து முட்டும். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது, 400க்கு மேல் போகக் கூடாது என்கிறது. உயரத் துணைக்கோளத்தில் வானப் பயணத்துக்கே 240 போய்விடும். குரலைச் சுருக்கி விரிக்கவும், பொட்டலங்கள் வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் 400ஐத் தொட்டுவிடும். பேசலாம், வாக்கி டாக்கி மாதிரி முறை வைத்துப் பேச வேண்டும். பல விமான நிறுவனங்கள் பக்கத்து இருக்கைக்காரர்களை நினைத்துக் குரல் அழைப்பையே அனுமதிப்பதில்லை, அது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் தாமதம் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பத்துமலைத் தைப்பூச நேரலையை ஆஸ்ட்ரோவில் பார்க்கும்போது அதே 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்துதான் படம் வருகிறது. ஒரு வழிப் பயணம், யாரும் திரும்பக் கேள்வி கேட்பதில்லை, அதனால் கால் வினாடி பிந்துவது யாருக்கும் தெரியாது. படம் பார்ப்பதும் இதே வகை. சில வினாடிக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் அதற்கு மெகாபிட்தான் முக்கியம், பிங் இல்லை.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். மலாக்காவிலிருந்து சென்னைக்கு வங்கக் கடலின் அடியில் ஃபைபர் கேபிள் ஓடுகிறது. சீமீவி 4 என்று பெயர், 2005 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைந்துவிடும். அப்படியும் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் போய்வர 30 மில்லிவினாடிதான். அதே கடலுக்கு மேலே 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் நீங்கள் அதே சென்னைச் சர்வரை அடைய 650. ஆழத்தில் கிடக்கும் கேபிள் இந்த விஷயத்தில் வானத்தைவிடப் பக்கம்.

வானத்தைப் பக்கத்தில் கொண்டுவந்ததுதான் தாழ்வட்டத் துணைக்கோளங்கள் செய்த வேலை. ஸ்டார்லிங்க் துணைக்கோளங்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நேராக மேலே போக 2 மில்லிவினாடிகூட ஆகாது. சாய்வான தூரம், தரை நிலையம், ஒதுக்கீடு எல்லாம் சேர்த்தும் 25 முதல் 60க்குள் பெரும்பாலும் நிற்கும். ஒன்வெப் என்ற இன்னொரு கூட்டம் 1,200 கிலோமீட்டரில். நடுவில் 8,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓ3பி என்று ஒரு கூட்டம் இருக்கிறது, 150 வாக்கில் வரும், கப்பல்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அதிகம் பயன்படுத்துவார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

விமானங்களிலும் இது வந்துவிட்டது. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் போயிங் 777 விமானங்களில் ஸ்டார்லிங்க் இணைப்பைத் தொடங்கியது. விமான இணையத்தின் வரலாற்றில் இது பெரிய தாண்டல் என்பேன். 2004இல் லுஃப்தான்சாவில் போயிங் நிறுவனத்தின் ‘கனெக்‌ஷன்’ சேவை முதன்முதலாக வந்தது. உயரத் துணைக்கோளத்தை நம்பிய அது இரண்டே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மெகாபிட் கூடிக்கொண்டே போயிற்று, கடல் கடந்த நீண்ட விமானப் பயணங்களில் அந்த அரை வினாடி மட்டும் அசையவில்லை. ஆகவே அடுத்த முறை வேலை பார்த்தே ஆக வேண்டிய பயணம் என்றால், வைஃபை உண்டா என்று மட்டும் பார்க்காமல், அந்த விமானத்தில் எந்த வகைத் துணைக்கோளம் என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

தாழ்வட்டத்துக்கும் அதற்கே உரிய சிக்கல் உண்டு. அந்த உயரத்தில் துணைக்கோளம் வினாடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, சில நிமிடங்களில் உங்கள் வானத்தைக் கடந்துவிடும். ஸ்டார்லிங்க் 15 வினாடிக்கு ஒருமுறை எந்தக் கருவிக்கு எந்தத் துணைக்கோளம் என்று மறுபடி ஒதுக்குகிறது. அந்தத் தருணத்தில் பிங் 30இலிருந்து 60க்குக் குதிக்கலாம், ஒன்றிரண்டு பொட்டலம் தவறலாம். இணையப் பக்கத்தில் தெரியாது. காணொளிக் கூட்டத்தில் குரல் ஒரு கணம் கரகரக்கும். போட்டி விளையாட்டு ஆடும் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நடுக்கடலில் தரை நிலையம் கண்ணில் படாத இடத்தில், துணைக்கோளங்கள் தங்களுக்குள் லேசர் கற்றை வழியாகத் தரவைக் கைமாற்றிக்கொண்டு போய்க் கரையில் இறக்கும். அப்போது எண் கொஞ்சம் ஏறும், ஆனாலும் 650க்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொரு வகைத் தாமதம் இருக்கிறது, அதற்கு உயரத்தோடு சம்பந்தமில்லை. வரிசையில் நிற்கும் தாமதம். ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மோடத்திலும் ரவுட்டரிலும் பொட்டலங்கள் குவியும், உங்கள் சின்னப் பொட்டலம் அந்தக் குவியலுக்குப் பின்னால் நிற்கும். சும்மா இருக்கும்போது 40 காட்டும் பிங், வீட்டில் ஒருவர் படங்களை ஏற்றத் தொடங்கியதும் 400 ஆவது இதனால்தான். இயற்கை விதித்த தாமதத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வரிசையை மனிதர்கள்தான் உண்டாக்கினார்கள், மனிதர்களால் சரிசெய்ய முடியும். ஸ்டார்லிங்க் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் நெரிசல் நேரத்து நடுத்தரத் தாமதத்தை 48.5 மில்லிவினாடியிலிருந்து 33க்குக் குறைத்தார்கள். துணைக்கோளங்களின் உயரம் மாறவில்லை, வரிசையையும் ஒதுக்கீட்டையும் பாதைகளையும் ஒழுங்குபடுத்தியே அதைச் சாதித்தார்கள்.

இனி அண்ணன் வீடு. முதல் கேள்வி, அங்கே 4ஜி கொஞ்சமாவது எட்டுகிறதா? வீட்டுக்குள் ஒரு கோடு, கூரைமேல் இரண்டு கோடு என்று வந்தால், முதலில் கூரையில் ஒரு திசை அண்டெனா வைத்து முயலுங்கள். 60 மில்லிவினாடிப் பிங்குடன் வரும் 5 மெகாபிட், அன்றாட வேலைக்கு 650இல் வரும் 30 மெகாபிட்டைவிட நன்றாக இருக்கும். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை, ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

அதுவும் எட்டவில்லை என்றால், பிள்ளைகளுக்கு இணையவழி டியூஷன், பாட்டியோடு வீடியோ அழைப்பு, அண்ணனுக்குத் தலைமை அலுவலக மென்பொருள் என்று எல்லாம் வேண்டுமானால் தாழ்வட்டத் துணைக்கோளமே சரி. ஸ்டார்லிங்குக்கு மலேசியாவில் 2023இல் உரிமம் கிடைத்துவிட்டது. உயரத் துணைக்கோளச் சேவையை நான் ஒதுக்கிப் பேசவில்லை. 2022இல் ஏவப்பட்ட மியாசாட் 3டி உட்புறங்களுக்கென்றே அகலப்பட்டை வசதியோடு போனது. மின்னஞ்சல், செய்தி, தோட்டக் கணக்கை இரவில் மொத்தமாக அனுப்புவது போன்ற வேலைக்கு அது உறுதியாக நிற்கும். தட்டுக்குத் தெரிய வேண்டியது வானத்தில் ஒரே ஒரு புள்ளி. ஸ்டார்லிங்குக்கு அப்படி இல்லை, அகலமான வானம் வேண்டும். வீட்டைச் சுற்றி வளர்ந்த செம்பனை நின்றால், ஒவ்வொரு துணைக்கோளமும் ஓலைக்குப் பின்னால் போகும்போது இணைப்பு அறுந்து அறுந்து வரும். கருவியை வாங்குவதற்கு முன், அதன் செயலியில் கைப்பேசிக் கேமராவால் வானத்தைச் சுற்றிக் காட்டித் தடை எவ்வளவு என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அண்ணனை வீட்டு முற்றத்தில், கூரைமேல், தண்ணீர்த் தொட்டி மேடையில் என்று மூன்று இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி மேடைதான் தோட்டங்களில் எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்திருக்கிறது.

மழையைப் பற்றியும் கேட்பீர்கள். நம் ஊர் அடைமழையில் இரண்டு வகையும் தடுமாறும், ஏனெனில் இந்த அலைவரிசைகளை மழைத்துளி உறிஞ்சிவிடும். மழை பிங்கை நேரடியாகக் கூட்டாது. பொட்டலங்கள் தவறி மறுபடி அனுப்பும்போதுதான் இழுக்கும், அந்த மறு அனுப்பலின் விலை உயரத் துணைக்கோளத்தில் பல மடங்கு. தோட்டத்தில் ஜெனரேட்டர் மின்சாரம் என்றால் மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வையுங்கள். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் மோடம் மறுபடி துணைக்கோளத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும், அதற்குள் டியூஷன் வகுப்பு போய்விடும்.

இணைப்பு போட்டு முடிந்ததும் இரவு எட்டு ஒன்பது மணி வாக்கில், வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் நேரத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பதிவிறக்க வேகம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, சும்மா இருக்கும்போது பிங் எவ்வளவு, தரவு ஓடும்போது பிங் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். இரண்டாவது முதலாவதைப்போல மூன்று நான்கு மடங்கு இருந்தால், வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி உள்ள ரவுட்டர் ஒன்றை இடையில் போட்டு, பதிவேற்ற வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரம்பு வைத்தால் சரியாகிவிடும். அந்த எண்களை எனக்கு அனுப்பினால் வரம்பை எவ்வளவு வைப்பது என்று சொல்கிறேன்.